பிடுங்கப் பயம்... விட்டால் ஆபத்து!

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம்புகிறவர்கள் தாம்பரத்தை அடுத்த சேலையூரிலும் இருக்கிறார்கள், செம்பாக்கத்திலும் இருக்கிறார்கள். படிக்காதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று நினைத்தால் தப்பு. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளையைப் பெரிய கல்லூரியில் சேர்த்திருக்கும் அம்மா என்று யாராக இருந்தாலும், பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, மரத்துப்போகிற ஊசி கண்ணில் பட்டதும் கொஞ்சம் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "டாக்டர், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?"

ஆகாது. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் இரண்டாவது ஜோடி கண்ணுக்குப் பார்வை தருகிறது. ஐந்தாவது ஜோடி மூன்றாகப் பிரிந்து நெற்றி, கன்னம், தாடை என்று முகத்தின் உணர்ச்சியைக் கவனித்துக்கொள்கிறது. பல் எடுக்கும் முன் போடுகிற ஊசி மரக்க வைப்பது இந்த ஐந்தாவதின் சிறு கிளை ஒன்றைத்தான். நாற்பது வயதைத் தாண்டினால் பலருக்குப் பல் ஆடத் தொடங்கும். வெள்ளெழுத்தும் அப்போதுதான் வரும். இரண்டும் அடுத்தடுத்து வந்ததைப் பார்த்து, யாரோ ஒருவர் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டிருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்கு ஆபத்து வரக்கூடிய வழி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது பல்லை எடுக்காமல் விடுகிற வழி. மேல் வரிசைக் கோரைப்பல்லில் சீழ் பிடித்து அதை அப்படியே வைத்திருந்தால், கிருமி மூக்கோரத்துச் சிரைகள் வழியாக ஏறி, கண்குழிக்குப் பின்னால் மூளைக்கு அடியில் இருக்கும் இரத்த அறையைப் போய்ச் சேரலாம். அபூர்வம்தான். ஆனால் சேர்ந்துவிட்டால் கண் பிதுங்கும், இமை இறங்கும், உயிரே போகலாம். கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொத்தைப் பல்லைச் சுமந்துகொண்டு திரிகிறவர் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறார்.

வாய், தாடை அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களின் கதைகளைக் கேட்டால், பலவற்றில் இந்தத் தலைகீழ்ப் பயம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறது.

இத்தனைக்கும் தென்சென்னைப் புறநகரில் பல் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனால், மருந்துக்கடை போர்டுகளோடு பல் கிளினிக் போர்டுகள் போட்டி போடுவது தெரியும். 1953-ல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தாம்பரத்து ஆட்கள் ஒரு காலத்தில் மின்சார ரயில் ஏறி அங்கேதான் போனார்கள். இன்று பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, ரத்தினமங்கலத்தில் தாகூர், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, உத்தண்டியில் ராகாஸ் என்று தாம்பரத்தைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் வளையம் கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வாய் மற்றும் தாடை முக அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறை உண்டு. பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்கள் அங்கே இருப்பார்கள். பல்லைப் பிடுங்குவதில் தொடங்கி, உடைந்த முகத்தைச் சேர்த்துக் கட்டுவது வரை அவர்கள் வேலை.

கடைசியாக முளைத்து முதலில் படுத்தும் பல்

அந்தத் துறைகளின் வாசலில் எந்த நாள் போய் நின்றாலும், கன்னத்தைக் கையில் பிடித்தபடி ஓர் இருபது வயதுக்காரர் இருப்பார். ஞானப்பல். பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கடைவாயின் கோடியில் முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப்பல். அதற்குள் மற்ற பற்கள் இடத்தைப் பிடித்துவிட்டிருப்பதால், இது சாய்ந்தோ, படுத்துக்கொண்டோ, பாதி எலும்புக்குள் புதைந்தோ கிடக்கிறது.

முழுதும் புதைந்த பல்லைவிடப் பாதி வெளியே வந்த பல்தான் அதிகம் தொல்லை தருவது. அதன் மேல் ஈறு ஒரு மூடி போலக் கிடக்கும். மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கை போகும், பிரஷ் போகாது. வீக்கம், வலி, வாயைத் திறக்க முடியாத அவஸ்தை, காதுவரை குத்தல். உடனே மருந்துக்கடையில் 'பல்வலிக்கு ஒரு செட்' வாங்கி மூன்று நாள் போடுகிறார்கள். அடங்குகிறது. இரண்டு மாதம் கழித்து, பெரும்பாலும் பரீட்சைக்கு முந்தின வாரமோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற அன்றோ, திரும்ப வருகிறது. இதே சுற்றை மூன்று நான்கு முறை சுற்றிய பிறகுதான் பலர் எக்ஸ்ரேவுக்கே வருகிறார்கள்.

செய்வது என்ன? முதலில் ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே. பிறகு லிக்னோகெய்ன் ஊசி. 1943-ல் ஸ்வீடனின் நீல்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய மருந்து இது. பல் மருத்துவத்தில் பாதிப் பயத்தைக் குறைத்த புண்ணியம் அதற்கு உண்டு. மருந்து ஒரே இடத்தில் தங்கி, நேரம் தாக்குப்பிடிப்பதற்காக அதோடு கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். அதனால் ஊசி போட்ட சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். பயத்தினால் என்று நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. மரத்ததும் ஈறைக் கீறி, பல்லை மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், டிரில் சத்தம் கேட்கும், வலி தெரியாது.

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடி, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எடுத்த பிறகு கீழுதடு சில வாரமோ சில மாதமோ மரத்தாற்போல் இருக்க வாய்ப்புண்டு. சிலருக்கு மட்டும் அது நிரந்தரமாகிவிடுகிறது. அந்தச் சந்தேகம் எக்ஸ்ரேயில் தெரிந்தால் முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதை வீண் செலவு என்று தள்ளக் கூடாது.

அப்படியானால் எல்லோரும் நான்கு ஞானப்பல்லையும் எடுத்துவிடலாமா? கூடாது. எந்த நோயும் இல்லாமல் புதைந்திருக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்று எடுக்க வேண்டாம் என பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ம் ஆண்டிலேயே வழிகாட்டியது. முன்னால் இருக்கும் பல்லைச் சொத்தையாக்குகிறது, திரும்பத் திரும்பச் சீழ் வைக்கிறது, சுற்றிலும் நீர்க்கட்டி வளர்கிறது என்றால் எடுக்க வேண்டும். சும்மா கிடந்தால் கிடக்கட்டும், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். வலியே இல்லாதவரிடம், காரணம் சொல்லாமல் 'நாலையும் எடுத்துடலாம்' என்கிற இடத்தில் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்பது நல்லது.

எடுத்த பிறகு வரும் தொல்லைகளில் பல, நோயாளி செய்கிற தவறுகளால் வருபவை. பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கச் சொன்னால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது. ரத்தம் கலந்த எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பது. வாசலில் இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது. சாயங்காலமே ஒரு சிகரெட். பல் இருந்த குழியில் உறையும் இரத்தக் கட்டிதான் காயத்துக்கு மூடி. உறிஞ்சினாலும் துப்பினாலும் அது கழன்றுவிடலாம். கழன்றால் எலும்பு வெளியே தெரியும்; மூன்றாம் நாள் வாக்கில் பல் வலியைவிட மோசமான வலி ஆரம்பிக்கும். டாக்டர்கள் 'டிரை சாக்கெட்' என்று சொல்வது இதைத்தான். இளநீர் நல்லது, டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும்.

கழுத்துக்கு இறங்கும் சீழ்

கீழ் வரிசையின் கடைசிக் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி, நாக்கைத் தாங்கும் தசைக்கும் கீழே போய் நிற்கிறது. அங்கே சீழ் கட்டினால், அது வாய்க்குள் உடையாமல் தாடைக்கடியில் கழுத்துப் பக்கம் இறங்கும். தாடையின் கீழ்ப்பகுதி இரண்டு பக்கமும் கல் மாதிரி இறுகும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் இந்த நோய், ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உயிரைக் கொண்டுபோனது. இன்று அப்படியில்லை. ஆனால் அதற்கு நோயாளி நேரத்தோடு வந்து சேர வேண்டும். மூச்சுக்கு வழி செய்துகொண்டு, தாடைக்கடியில் கீறிச் சீழை வடித்து, மூலகாரணமான பல்லையும் எடுப்பார்கள். கன்னத்தில் சுண்ணாம்போ மஞ்சளோ பற்று போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடிய சமாச்சாரம் இல்லை இது. விழுங்க முடியவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவு.

இந்தக் கதையில் சர்க்கரை நோய் அடிக்கடி வருகிறது. கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் டயபடிஸ் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. சர்க்கரை ஏறியிருக்கும்போது சின்ன சீழ்கூடப் பெரிதாகும், காயம் ஆற மறுக்கும். 'சுகர் இருக்கு, அதனால பல் எடுக்கக் கூடாது' என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வருடக்கணக்கில் சொத்தையோடு இருப்பவர்கள் ஏராளம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு எடுப்பதுதான் சரி. சீழ் இருக்கிற வரை சர்க்கரையும் லேசில் கட்டுக்குள் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2021 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா இரண்டாம் அலையில் தப்பியவர்களில் சிலருக்கு, சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில், மியூகர் என்ற பூஞ்சை மூக்குக்கும் மேல்தாடைக்கும் புகுந்தது. சிலருக்கு முதல் அறிகுறியே நல்ல பல் திடீரென்று ஆடுவதுதான். மே மாதம் தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000-க்கு மேல் நோயாளிகள். தாடை அறுவை சிகிச்சை நிபுணர்கள் காது மூக்கு தொண்டை, கண் மருத்துவர்களோடு சேர்ந்து, செத்துப்போன மேல்தாடை எலும்பைப் பாதியாகவும் முழுதாகவும் வெட்டியெடுத்தார்கள். கண்ணும் மூளையும் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தாடையைக் கொடுத்த நோயாளிகள் அவர்கள். அவர்களில் பலர் இன்று, அண்ணத்தில் விட்ட ஓட்டையை அடைக்கும் கழற்றிமாட்டும் தகட்டோடுதான் சாப்பிடுகிறார்கள்.

நீர்க்கட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செத்துப்போன பல்லின் வேர்நுனியிலோ புதைந்த பல்லைச் சுற்றியோ, வலியே இல்லாமல், வருடக்கணக்கில் தாடை எலும்பை அரித்துக்கொண்டு வளர்பவை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டமாகத் தென்படும். சின்னதை முழுதாக எடுத்துவிடலாம். பெரியதை ஒரு ஜன்னல் வைத்து வடியவிட்டுச் சுருங்கிய பின் எடுப்பதும் உண்டு. ரூட் கெனால் செய்தும் வேர்நுனியில் சீழ் தீரவில்லையென்றால், ஈறு வழியாகப் போய் நுனியை மட்டும் வெட்டி அடைப்பார்கள், பல் தப்பிக்கும்.

ஜி.எஸ்.டி. ரோடு உடைக்கும் முகங்கள்

பெருங்களத்தூர், வண்டலூர், இப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் என்று, திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோடு எந்த நேரமும் நிரம்பி வழிகிறது. ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2015 ஜூலை 1 முதல் அது அமலுக்கு வந்தது. மண்டை தப்புகிறது. ஆனால் பலர் போடுவது முகவாயை மூடாத பாதி ஹெல்மெட்; சிலர் முழு ஹெல்மெட் வாங்கியும் பட்டையை மாட்டுவதில்லை. வண்டி சறுக்கினால் முதலில் தரையில் படுவது முகவாய்.

முகவாயில் அடிபட்டால் முகவாயோடு நிற்பதில்லை. அடி கீழ்த்தாடை வழியாக மேலேறி, இரண்டு காதுக்கும் முன்னால் இருக்கும் தாடை மூட்டுக் கழுத்தை முறிக்கிறது. முகவாயில் நான்கு தையல் போட்டு வீட்டுக்கு வந்தவர், மறுநாள் பல் மேலும் கீழும் பொருந்தவில்லை என்று உணர்வது இதனால்தான். அடிபட்ட பிறகு கடி மாறியிருக்கிறதா என்று ஒருவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது நல்லது. மாறியிருந்தால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குழந்தைகளிடம் இந்த முறிவு இன்னும் பொல்லாதது. மாடிப்படியிலோ கட்டிலிலிருந்தோ விழுந்து, முகவாய்க் காயம் ஆறி, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே மூட்டு மெல்ல எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்கிறது. வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவு இறுகுகிறது. மூட்டோடு சேர்ந்து தாடையின் வளர்ச்சியும் நிற்பதால் முகவாய் உள்வாங்கிப்போகிறது. காதில் பழைய சீழ்ப்புண் இருந்தாலும் இப்படி ஆகலாம். ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்குவது அறுவை சிகிச்சை. அதன் பிறகு மாதக்கணக்கில் தினமும் வாயைத் திறந்து பயிற்சி செய்யாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். குழந்தை அழும் என்று பயிற்சியை நிறுத்திய பெற்றோர் மறுபடி அதே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்க நேர்கிறது.

மேல்தாடையும் கன்னமும் எங்கே உடையும் என்பதை 1901-லேயே பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் கண்டுபிடித்துவிட்டார். பிணங்களின் தலைகளில் பலவிதமாக அடி விழச் செய்து, பிறகு எலும்பைப் பிரித்துப் பார்த்தார். எப்படி அடித்தாலும் மூன்று கோடுகளில்தான் முகம் பெரும்பாலும் பிளக்கிறது என்று தெரிந்தது. இன்றும் விபத்துப் பிரிவில் 'லெ ஃபோர் ஒன்று, இரண்டு, மூன்று' என்றுதான் எழுதுகிறார்கள்.

முன்பெல்லாம் முறிந்த தாடைக்கு வைத்தியம், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டி நான்கிலிருந்து ஆறு வாரம் வாயைப் பூட்டுவது. கஞ்சியும் ஜூஸும்தான் ஆகாரம். 1970-களில் பிரான்சின் மிஷலேயும் ஷாம்பியும் சின்னத் தகடு, சின்னத் திருகாணி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று வாய்க்குள்ளேயே கீறி டைட்டானியம் தகடு வைத்துவிடுகிறார்கள். வெளியே தழும்பு பெரும்பாலும் இல்லை.

விபத்தில் சிக்கியவரைப் பணம் கட்டு என்று வாசலில் நிறுத்தக் கூடாது என்பதற்காக, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2021 டிசம்பரில் தொடங்கினார். தொடங்கிய இடம் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூர். பதிவு செய்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். முகம் உடைந்து கிடப்பவருக்கு உதவப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு தொண்டைக்குள் சரிந்து மூச்சை அடைக்கலாம். கழுத்தை அசக்காமல் ஒருக்களிக்க வைப்பது பாதுகாப்பு. விழுந்த நிலைத்த பல்லைத் தேடி எடுத்து, வேரைத் தொடாமல், தேய்த்துக் கழுவாமல், பக்கத்துக் கடையில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கிக் குளிர்ந்த பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேர்த்தால், பல் மறுபடி பிடிக்க வாய்ப்புண்டு. பால்பல் என்றால் திரும்ப வைப்பதில்லை.

பிறப்பிலேயே வருவது

உலகக் கணக்கில் சுமார் 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், அதனால்தான் என்று இன்றும் அந்தத் தாயைக் குற்றவாளியாக்குகிற வீடுகள் இருக்கின்றன. கருவில் உதடு ஒட்டிச் சேர்வது ஆறாவது ஏழாவது வாரத்தில். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதே அப்போதுதான் உறைக்கும். கிரகணத்துக்கு இதில் வேலையில்லை. பரம்பரை, சில மருந்துகள், புகை, சத்துக் குறைவு என்று பல காரணங்கள் சேர்ந்து செய்வது.

உதட்டை மூன்று மாதம் வாக்கில் தைக்கிறார்கள். அண்ணத்தை, பேச்சு தொடங்கும் முன், ஒன்றரை வயதுக்குள். எட்டிலிருந்து பதினொன்று வயதுக்குள் பல் ஈறு எலும்பின் இடைவெளியில் இடுப்பெலும்புத் துணுக்கு வைக்க வேண்டியிருக்கும். ஒரே ஆபரேஷனில் முடிகிற வேலை இல்லை என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. 2013-ல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ சொன்னால் வழி கிடைக்கும்.

தாடை முன்னே நீண்டிருப்பது, உள்ளே போயிருப்பது, கோணியிருப்பது இவற்றுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஹூகோ ஒப்வெகேசர் 1957-ல் வெளியிட்ட முறையில் கீழ்த்தாடையை வாய்க்குள்ளிருந்தே பிளந்து நகர்த்துகிறார்கள். மேல்தாடையை லெ ஃபோர் கண்ட அதே முதல் கோட்டில் வெட்டி நகர்த்துகிறார்கள். விபத்து உடைத்த கோட்டை வைத்தியம் வேண்டுமென்றே உடைக்கிறது. வளர்ச்சி முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும்; முன்னும் பின்னும் பல்லுக்குக் கம்பி போடும் காலம் வேறு. கடிக்க முடியவில்லை, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது என்று வருகிறவர்களுக்கு இது வரம். பெண் பார்க்க வரும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு 'அதுக்குள்ள முடிஞ்சுடுமா?' என்று கேட்பவர்களை, பொறுப்பான டாக்டர் திருப்பி அனுப்புவார்.

மூன்று விரல்

இவ்வளவும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மாவா. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்து, சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி, சென்னைத் தெருக்களில் கைமாறுகிற சரக்கு. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 மே மாதத்திலிருந்து தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தடை அறிவிப்பை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தடை இருக்கிறது. சரக்கும் இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தின் மதில் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும்.

புகையிலையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு வெறும் பாக்குதானே என்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் வெளியான அறிக்கையில் வகைப்படுத்தியது. பாக்கு தொடர்ந்து போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்பகுதி வெளுத்து, நார் நாராக இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே வரும். தன் மூன்று விரல்களை நெடுக்கில் அடுக்கி வாய்க்குள் விட முடிய வேண்டும். இரண்டுதான் போகிறதென்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. எர்ணாகுளத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. இறுகிய நாரை வெட்டி வாயைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. பாக்கை விடாதவருக்கு அது பயன் தராது.

2022-ல் இந்தியாவில் வாய், உதட்டுப் புற்றுநோய் 1.4 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல் எதுவானாலும் ஒரு துளி சதை எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும். 'கத்தி பட்டால் கேன்சர் பரவிடும்' என்று சொல்லி இதைத் தவிர்ப்பவர்களும் உண்டு. கண் போகும் கதையின் தம்பி இந்தக் கதை. பயாப்ஸியால் புற்றுநோய் பரவுவதில்லை. ஒத்திப்போட்ட ஆறு மாதத்தில் அது கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவிவிடலாம்.

ஆரம்பத்தில் வந்தவருக்குச் சின்ன ஆபரேஷன். தாமதித்தவருக்குத் தாடையில் பாதியும் கழுத்து நெறிக்கட்டிகளும் போகும். போன தாடைக்குப் பதிலாகக் காலின் வெளிப்பக்கச் சிற்றெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்துக் குழாயோடு நுண்தையலிட்டுப் புதுத் தாடை செய்கிறார்கள். நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ 1989-ல் எழுதிக்காட்டிய இந்த முறை இன்று சென்னையில் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புறநகர்க்காரர்களுக்குப் பஸ் போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

இம்ப்ளான்ட்டும் பில்லும்

போன பல்லுக்குப் பதிலாகத் தாடையில் திருகாணி பதிப்பது தனி உலகம். ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-ல் முயல் எலும்பில் டைட்டானியக் குழாய் ஒன்றை வைத்து ஆராய்ந்தார். எடுக்கப் போனபோது வரவில்லை. எலும்போடு எலும்பாக ஒட்டியிருந்தது. 1965-ல் கீழ்த்தாடையில் பல்லே இல்லாத கோஸ்டா லார்சன் என்பவருக்கு நான்கு திருகாணிகள் பதித்தார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை அவை வேலை செய்தன.

நாற்பது வருடம் உழைத்ததுதான் அதன் பெருமை. 'ஒரே நாளில் பல்' என்று ஷேர் ஆட்டோ முதுகில் வரும் விளம்பரம் இல்லை. எலும்பு நன்றாக இருந்தால் சிலருக்கு உடனே பல் பொருத்தலாம் என்பது உண்மை. பெரும்பாலானவர்களுக்கு ஒட்டுவதற்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் வேண்டும். பல் எடுத்து வருடக்கணக்கில் விட்டுவிட்டால் எலும்பு கரைந்துவிடும். அப்புறம் எலும்புத் தூள் வைத்து மேடு கட்டுவது, மேல்தாடையில் சைனஸ் அறையின் அடித்தரையை உயர்த்துவது என்று செலவு கூடும். புகைப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் திருகாணி கழன்றுவிடும் அபாயம் அதிகம்.

எந்த ஆபரேஷனுக்கு முன்னும் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு முழுவதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதயத்துக்கு இரத்தம் நீர்க்கும் மாத்திரை எடுப்பவர் தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டவருக்குப் பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம் என்பது 2003-லிருந்து மருத்துவ உலகுக்குத் தெரியும். அந்த ஊசியைத் தொடங்கும் முன்பே கெட்ட பற்களை எடுத்துவிட வேண்டும்.

பணம்? பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவு. காத்திருக்கும் நேரம் அதிகம். கோட்டை ரயில் நிலையத்து அரசுக் கல்லூரிக்குத் தாம்பரத்திலிருந்து இன்னமும் நேர் ரயில் இருக்கிறது. மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் பல் வைத்தியத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் விபத்தில் தாடை முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தாலும், புற்றுநோய்க்குத் தாடை எடுத்தாலும் பொதுவாகப் பணம் கிடைக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் வெறுமனே 'பல் சிகிச்சை' என்று எழுதியிருந்தால் இன்ஷூரன்ஸ்காரர் தள்ளிவிட வாய்ப்புண்டு. எந்த எலும்பு, என்ன நோய், என்ன அறுவை சிகிச்சை என்று முழுதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.